பெயருக்கு விட்ட இடம்

என் அச்சுக்கடை மேசையின் மேல் லாச்சியை இழுத்தால் ஒரு வெள்ளை லேஞ்சி, கைக்குட்டை, கிடக்கிறது. வெள்ளை என்பது பழைய கதை. இப்போது அது பழுப்பு. ஓரத்தில் நீல நூல் தையலும் நடுவில் வாய் பட்ட இடத்தில் மங்கலான ஒரு வட்டக் கறையுமாக, பழைய பென்ட்ரைவ்களுக்கு நடுவே மடித்த மடிப்பிலேயே கிடக்கிறது. குஞ்சியப்பா மைக்கின் தலையில் சுற்றிக் கட்டும் லேஞ்சி அது. அதைக் கட்டாமல் எந்த மைக்குக்கு முன்னாலும் அவர் வாய் திறந்ததில்லை. "வெறும் மைக்கிலை கதைச்சால் காத்தடிக்கும் பிள்ளை, சொல்லு உடைஞ்சுபோம்" என்பார். அவரை எரித்து நாலு வருடம் தாண்டிவிட்டது. லேஞ்சியை நான் துவைக்கவில்லை, வீசவும் இல்லை.

குஞ்சியப்பா என் அப்பாவின் கடைசித் தம்பி. புத்தூரில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஊருக்கு அவர் அறிவிப்பாளர்தான். கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, செத்தவீட்டு அறிவித்தல், எல்லாம் அவர் குரலில்தான் போகும். தேர்தல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எந்தக் கட்சியிலும் சேராத ஒரே காரணத்தால் எல்லாக் கட்சிக்கும் வேண்டியவராக இருந்தார். காலையில் ஒரு கட்சி, பின்னேரம் இன்னொரு கட்சி. ஓட்டோ அதே ஓட்டோ, மேலே கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் அதே குழாய், கொடியை மட்டும் மாற்றுவார்கள். சந்தையில் நிற்பவர்கள் "அண்ணை, இண்டைக்கு நீங்கள் ஆர்?" என்று பகிடி விடுவார்கள். "மத்தியானச் சாப்பாடு வரைக்கும் உவை, சாப்பிட்டாப் பிறகு மற்றவை" என்று அவரும் சிரித்துக்கொண்டு போவார். கட்சிகளின் பெயரையோ சின்னத்தையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எழுதப்பட்டவர்கள் கோபிப்பார்கள், விடுபட்டவர்கள் அதைவிடக் கோபிப்பார்கள். இந்தக் கதைக்கு அவை தேவையும் இல்லை.

அவருக்கு ஒரே மகன். எனக்குத் தம்பி முறை. யுத்தத்தின் கடைசி நாட்களில் வன்னியில் அகப்பட்டு, சனத்தோடு சனமாக வெளியே வந்தவனை ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இறக்கியதைப் பார்த்தவர்கள் இல்லை. அன்றிலிருந்து அவன் தாய் குஞ்சியம்மாவுக்கு ஒரு வேலைதான். மகனின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரப் போராட்டக் கொட்டகையில் மற்றத் தாய்மாரோடு போய் இருப்பது. படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தது நான்தான். எத்தனையோ முகங்களை என் இயந்திரம் பெரிதாக்கியிருக்கிறது. அந்த முகம் வெளியே வந்தபோது மட்டும் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன். முதலில் கொட்டகைக்கு ஒருவர் தவறாமல் எல்லா அரசியல்வாதிகளும் வந்தார்கள். பக்கத்தில் குந்தியிருந்து படம் எடுத்தார்கள். பிறகு மாலை போடவேண்டிய நாட்களில் மட்டும் வந்தார்கள். பிறகு தேர்தலுக்கு முந்திய மாதத்தில் மட்டும்.

குஞ்சியப்பா கட்சிகளுக்கு அறிவிப்புச் செய்வது குஞ்சியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு முற்றிவிட்டது. "வெயிலுக்கை காஞ்சு கிடக்கிறன் நான். நீங்கள் அவங்களுக்கு வாயாய் இருக்கிறியள்" என்றார் அவர். குஞ்சியப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "நான் ஒருத்தருக்கும் வாய் இல்லைப் பிள்ளை. எங்கடை கேள்வியை அவங்கடை குழாயிலை போட்டு ஊர் முழுக்கக் கேக்கப் பண்ணுறன். நாலு பேருக்கு முன்னாலை சொன்னதைப் பிறகு இல்லையெண்டு சொல்லேலாது. எல்லாக் கட்சியும் சொல்லட்டும். எவன் வெண்டாலும் சொன்னவன்தானே வெல்லுவான்." எனக்கு அன்று அது கெட்டித்தனமான கணக்காகவே பட்டது. எல்லோரும் சொன்ன வாக்கு ஒருவரையும் கட்டாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது விளங்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதிக்கு உள்ளே தள்ளி என் கடை இருக்கிறது. பனர், துண்டுப்பிரசுரம், கலியாணக் கார்ட், கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்கிறேன். பின்னால் சின்ன அறை ஒன்றுக்குச் சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டி ஒலிப்பதிவுக்கு வைத்திருக்கிறேன். சீனி வருத்தத்தால் கால் புண் ஆறாமல் குஞ்சியப்பாவுக்கு ஓட்டோவில் நாள் முழுக்க இருக்க முடியாமல் போனபோது, குரலைப் பதிந்து கொடுக்கும் வழக்கம் தொடங்கியது. எழுதுவது நான், வாசிப்பது அவர். தேர்தல் காலத்தில் என் கடையைப் பார்த்தால் சிரிப்பு வரும். மேடையில் ஒருவரை ஒருவர் துரோகி என்றும் கைக்கூலி என்றும் திட்டும் கட்சிகளின் அமைப்பாளர்கள் என் வாங்குப் பலகையில் தோளோடு தோள் முட்டி இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். தங்கள் பிரசுரத்தை மற்றவர் பார்த்துவிடக்கூடாது என்று கையால் மறைத்துக்கொள்வார்கள். மறைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு நீதி, சிறையில் இருப்பவர்களுக்கு விடுதலை, பிடித்த காணி உரியவரிடம், இளைஞருக்கு வேலை. முதலாவது ஆளுடையதில் காணி இரண்டாவதாக வரும், மற்ற ஆளுடையதில் மூன்றாவதாக வரும். அவ்வளவுதான் கொள்கை வேறுபாடு.

ஒரு பாராளுமன்றத் தேர்தலுக்கு ஐந்து தரப்பு ஒரே கிழமையில் வந்து நின்றார்கள். ஐந்து தடவை அதே வசனங்களை வாசிக்க வைத்து அந்த மனிதரின் தொண்டையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. "குஞ்சியப்பா, ஒருக்கால் முழுக்க வாசியுங்கோ. கட்சிப் பேர் வாற இடத்திலை மட்டும் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. பேருகளைத் தனியாச் சொல்லித் தாங்கோ, நான் ஒட்டிவிடுறன்" என்றேன். அவர் "ஓம், சொல்லுறது ஒண்டுதானே. பேரை மட்டும் மாத்துவம்" என்று சொல்லி லேஞ்சியை உதறி மைக்கில் கட்டினார். எங்கள் அரசியலைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையும் அந்தப் பதிவைப்போல உண்மை சொன்னதில்லை. கதைக்கிற குரல் ஒன்று, கதை ஒன்று, நடுவில் இரண்டு விநாடி வெற்றிடம். எவரும் வந்து உட்காரலாம்.

கடைசி வசனத்தை நான் புதிதாக எழுதியிருந்தேன். "காணாமல் ஆக்கப்பட்ட உங்கள் பிள்ளை உங்கள் வாசலுக்குத் திரும்பி வரும்வரை," பிறகு இடைவெளி, பிறகு "ஓயாது." அவர் குரலுக்கு நன்றாக இருக்கும் என்றுதான் எழுதினேன். உண்மையைச் சொன்னால் வேறெதையும் நான் யோசிக்கவில்லை. தொழில் செய்கிற கை அப்படித்தான் ஓடும். வாசித்துக்கொண்டு வந்தவர் "வாசலுக்கு" என்ற இடத்தில் நின்றுவிட்டார். தண்ணீர் குடித்தார். இரண்டாம் தடவையும் அதே இடத்தில் குரல் இடறியது. மூன்றாம் தடவை இடறலோடேயே வாசித்து முடித்துவிட்டு, "உதுக்கு மேலை என்னாலை ஏலாது" என்று எழும்பினார். நான் அந்த நடுக்கத்தை வெட்டி எடுக்கப் பார்த்தேன். பக்கத்தில் இருந்து கேட்ட அமைப்பாளர் ஒருவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "எடுக்காதேங்கோ அக்கா, உதுதான் நல்லா இருக்கு. சனத்துக்கு அப்பிடியே உள்ளை போகும்." ஐந்து கட்சிக்கும் அந்த நடுக்கத்தோடுதான் கொடுத்தேன்.

தேர்தல் முடிந்தது. வென்றவர் எவராக இருந்தாலும் குஞ்சியப்பாவின் கணக்குப்படி சொன்னவர்தானே. மகனின் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், எந்தெந்த ஆணைக்குழுவுக்கு எந்தெந்த நாளில் போனார்கள் என்ற விவரம், எல்லாவற்றையும் ஒரு கோவையில் கட்டிக்கொண்டு, காலில் துணி சுற்றியபடி, வென்றவரின் அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். விடிய எட்டு மணிக்குப் போன எங்களை மத்தியானம் உள்ளே கூப்பிட்டார்கள். எம்.பி. எழும்பி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "அண்ணை, உங்கடை குரல்தான் எங்களை வெல்லப் பண்ணினது" என்று சொல்லித் தன் போனை நீட்டி ஒரு படம் எடுத்தார். கோவையைத் திறக்கவில்லை. குஞ்சியப்பா கேட்டார். "தம்பி, நீங்கள் சொன்ன விசயம். வாசலுக்கு வரும்வரை எண்டு சொன்னது." அந்த மனிதர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, "அது எங்கடை கையிலையோ அண்ணை இருக்கு? கொழும்பிலை கதைக்கோணும், வெளியிலையும் கதைக்கோணும். நாங்கள் அழுத்தம் குடுத்துக்கொண்டுதான் இருக்கிறம்" என்றார். வெளியே வந்து படியில் செருப்பை மாட்டக் குனிந்தவருக்கு நிமிர நேரம் எடுத்தது. நான் கையைக் கொடுத்தேன். அவர் பிடிக்கவில்லை.

அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தார். பின் அறையில் மைக்குக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தார். "அதை அழிச்சுப்போடு பிள்ளை" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. கணினியைத் திறந்து, அவர் பார்க்கப் பார்க்க அந்தப் பதிவைக் குப்பைக்குள் தள்ளி, குப்பையையும் காலி செய்தேன். "முழுக்கப் போயிட்டுதோ?" "ஓம் குஞ்சியப்பா." அது பொய். என் தொழிலில் எதையும் அழிப்பதில்லை. செத்தவீட்டுப் பனரில்கூட முகத்தையும் பெயரையும் எடுத்துவிட்டு, பூவையும் தீபத்தையும் அடுத்த ஆளுக்கு வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் பென்ட்ரைவில் இன்னொரு கொப்பி லாச்சிக்குள் கிடக்கும். ஓம் என்று சொல்லும்போதே எனக்கு அது தெரியும். களைத்துப்போன மனிதரிடம் இதையெல்லாம் ஏன் விளக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அவர் மைக்கில் கிடந்த லேஞ்சியை அவிழ்த்து, மடித்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எவருக்கும் அவர் குரல் கொடுக்கவில்லை, கோயிலுக்குக்கூட.

அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனார். கால் புண்ணில் தொடங்கியது இரத்தத்தில் முடிந்தது. செத்தவீட்டு வாசலில் நடந்த கூத்தை எழுதக் கை கூசுகிறது. ஐந்து கட்சியிலும் நாலு கட்சி அஞ்சலிப் பனர் அடிக்கச் சொல்லி என்னிடமே வந்தார்கள். "எங்கள் குரல் ஓய்ந்தது" என்று நாலு பேரும் எழுதச் சொன்னார்கள். வாசல் படலைக்குக் கிட்ட எவருடைய பனர் வருவது என்று இரண்டு பகுதியினர் பிணம் கிடக்கும் வீட்டு வேலியில் நின்று வாக்குவாதப்பட்டார்கள். குஞ்சியம்மா வெளியே வந்து அந்தப் பனர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். உள்ளே போய், மகனின் படத்தைக் கொண்டுவந்து பிணத்தின் தலைமாட்டில் வைத்தார். பிறகு அரசியல்வாதிகள் எவரையும் அஞ்சலி உரை நிகழ்த்த அவர் விடவில்லை. அவர்களுக்கு அது பெரிய மனவருத்தம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். பிரதேச சபைத் தேர்தல் வந்தது. அரியாலைப் பக்கத்து இளைஞர் ஒருவர், புதிதாக முளைத்த ஓர் அணிக்காக, என் கடைக்கு வந்தார். பகட்டான சட்டை இல்லை, கூட ஆள் இல்லை, துவிச்சக்கரவண்டியில் வந்திருந்தார். பழைய ஆட்களைப்போல வீரம் பேசவில்லை. ஒழுங்கைகளில் எரியாத தெரு லைட்டைப் பற்றியும் குப்பையைப் பற்றியும் பேசினார். எனக்குப் பிடித்துவிட்டது. முப்பது வருடமாக இந்த ஊரின் எல்லாக் கட்சியையும் நக்கல் அடித்து வாழ்ந்தவள் நான். அந்த ஒருவரிடம் விழுந்துவிட்டேன். பிரசுரம் எல்லாம் பேசி முடித்த பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "அக்கா, பழைய எலெக்சனிலை ஒரு குரல் போனது. புத்தூர் ஐயாவின்ரை. அதைக் கேட்டு என்ரை அம்மா படலையிலை நிண்டு அழுதவ. என்ரை அண்ணையும் இல்லை அக்கா. அந்தக் குரலிலை எங்கடை பேரைப் போடேலுமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். அழித்துவிட்டேன் என்று ஒரு சொல் போதும். நான் லாச்சியைத் திறந்தேன். லேஞ்சிக்குப் பக்கத்தில்தான் அந்தக் கொப்பி கிடந்தது. இவர் மற்றவர்களைப் போல இல்லை, குஞ்சியப்பா இருந்திருந்தால் இவருக்குக் கொடுத்திருப்பார், ஒருவராவது உண்மையாகச் சொல்லட்டுமே என்று எனக்கு நானே எத்தனை நியாயம் சொன்னேன். ஒரு சிக்கல் இருந்தது. குஞ்சியப்பா காலத்தில் அந்த அணி இல்லை. அந்தப் பெயரை அவர் சொல்லியிருக்கவில்லை. வேறு ஆள் தேடப் பொறுமை இல்லாமல் நானே மைக்குக்கு முன்னால் போய் இருந்தேன். லேஞ்சியை எடுத்துக் கட்டினேன். கட்சிப் பெயரை ஒருமுறை சொன்னேன். வெட்டி, அந்த இரண்டு விநாடி வெற்றிடத்துக்குள் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

மூன்றாம் நாள் ஓட்டோ புத்தூருக்கும் போனது, அந்த அணி அங்கேயும் ஆட்களை நிறுத்தியிருந்தது. புத்தூரைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை; இவ்வளவு யோசித்தவளுக்கு அது மட்டும் தோன்றவில்லை. குஞ்சியப்பாவின் குரல் அவருடைய வீட்டு ஒழுங்கையால், அவருடைய படலையைத் தாண்டி, காணாமல் போன பிள்ளை வாசலுக்குத் திரும்பி வரும் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறது. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த குஞ்சியம்மா ஈரச் சீலையோடு ஓடிவந்து படலையில் நின்றதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். முதலில் எந்தப் பிள்ளை என்று விளங்காமல், "என்னவாம்? வந்திட்டானாமோ?" என்று கேட்டாராம்.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் என் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் வாங்கில் இருந்து, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அதை ஒருக்காப் போடு" என்றார். பின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "வாசலுக்கு" என்ற இடத்தில் அவர் உதடும் சேர்ந்து அசைந்தது. பிறகு என் குரல் வந்தது. பிறகு "ஓயாது" என்று அவர் கணவரின் குரல். குஞ்சியம்மா கண்ணைத் திறந்தார்.

"நடுவிலை உன்ரை குரல்."

"ஓம் குஞ்சியம்மா."

"அந்த மனுசன் சாக முதல் என்னட்டைச் சொன்னது. பிள்ளை எனக்கு முன்னாலைதான் அதை அழிச்சவள், இனி ஒருத்தனும் என்ரை வாயாலை பொய் சொல்லேலாது எண்டு. நிம்மதியாச் சொன்னது."

ஏதாவது செய்யவேண்டும் போலிருந்து, மைக்கில் இன்னும் கட்டியபடி இருந்த லேஞ்சியை அவிழ்த்து அவரிடம் நீட்டினேன். "இது உங்களிட்டை இருக்கோணும்." அவர் அதை வாங்கினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், பிறகு வேண்டாம் என்று நினைத்தவர்போல இறக்கினார். பழைய மடிப்பிலேயே மடித்து மேசையில் வைத்தார். "இஞ்சையே கிடக்கட்டும். அடுத்த எலெக்சனுக்கும் உனக்கு வேணுமெல்லே." படத்தைச் சுற்றிய பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். அன்று கொட்டகையில் அவருடைய முறை. பஸ் நிற்கும் இடம் வரை பின்னால் போனேன், அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் நம்பிய இளைஞர் வென்றார். சபைத் தலைவரான தவிசாளர் பதவிக்கு இரண்டு பேரின் ஆதரவு குறைந்தபோது, தேர்தல் முழுக்கத் தான் கள்ளர் என்று சொன்ன கட்சியோடு சேர்ந்துகொண்டார். கேட்டதற்கு, "அக்கா, நடைமுறை அரசியல் வேறை" என்றார். சபையின் முதல் மூன்று கூட்டமும் எவர் எந்தக் கதிரையில் இருப்பது என்ற சண்டையில் கலைந்தன. எங்கள் ஒழுங்கையில் லைட் இன்னும் எரியவில்லை. காணாமல் போனவர்களைப் பற்றிப் பேசுவது பிரதேச சபையின் வேலை இல்லையாம். ஓட்டோவில் சொல்லும்போது வேலையாக இருந்தது. குஞ்சியம்மா இன்னும் கொட்டகைக்குப் போகிறார். என்னோடு கதைப்பதில்லை. என் கணினியிலும் லாச்சியிலும் அந்தப் பதிவு இப்போது இல்லை. இந்த முறை உண்மையாகவே அழித்துவிட்டேன்.

போன கிழமை ஒருவர் போனில் வந்தார். மாகாண சபைத் தேர்தல் வரும்போலக் கிடக்கிறதாம். எந்தக் கட்சி என்று சொன்னார், நான் மனதில் எடுக்கவில்லை. புத்தூர் ஐயாவின் குரலைப் பற்றிக் கேட்டார். "அது இல்லை, அழிச்சாச்சு" என்றேன். அழித்தேன் என்று சொல்ல முடிந்ததில் ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது.

"பரவாயில்லை அக்கா" என்றார் அவர். "குரல் எங்களிட்டைக் கிடக்கு, எல்லாரின்ரை போனிலையும் கிடக்கு. நீங்கள் பேரை மட்டும் சொல்லித் தந்தால் போதும்."

லாச்சி திறந்தபடி இருந்தது. லேஞ்சி குஞ்சியம்மா மடித்த மடிப்பிலேயே கிடந்தது. மறுமுனையில் அவர் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.